மேட்டுக் கொல்லைக்கு எத்தனை ஹெச்.பி.? – உழவர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டிராக்டர் பற்றியவை. 2025 செப்டம்பரில் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியதிலிருந்து ஆளாளுக்கு ஷோரூம் படியேறிக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. வழக்கமான நெல் கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் பார்ப்போம். முதல் கடிதம் கொஞ்சம் நீளம், பதிலும் நீளம்தான்.

கேள்வி (தஞ்சை மாவட்டப் பாபநாசம் பக்கத்து வாசகர்): ஐயா, எங்களுக்கு ஊரில் ஒரு வேலி (ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல்) நஞ்சை இருக்கிறது. போன வருஷம் துறையூர் தாண்டி, பச்சைமலை அடிவாரத்தில் எட்டு ஏக்கர் வாங்கினோம். அஞ்சு ஏக்கர் லேசான சாய்வு, சரளை மண். மிச்சம் மூணு ஏக்கர் நல்ல ஏற்றம், பாதி புதைந்த பாறைகள் வேறு. கீழே மக்காச்சோளம், மேலே மா வைக்க எண்ணம். மாமா 55 ஹெச்.பி.க்குக் குறைந்து வாங்காதே என்கிறார். ஷோரூமில் 50 ஃபோர் வீல் என்கிறார்கள். நண்பன் மினி டிராக்டரே போதும் என்கிறான். இரண்டு ஊருக்கும் பொதுவாக ஒரே வண்டி போதுமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். பாபநாசத்திலிருந்து துறையூர் நூறு கிலோமீட்டருக்கு மேல். டிராக்டரை ஓட்டிக்கொண்டு போனால் ஒரு பகல் போய்விடும், லாரியில் ஏற்றினால் ஒவ்வொரு முறையும் வாடகை. அதுவும் ஜூனில் மேட்டூர் திறந்து இங்கே குறுவைக்குச் சேறடிக்கும் நேரமும், அங்கே கோடை மழை ஈரத்தில் உழவு ஓட்ட வேண்டிய நேரமும் ஒன்றோடொன்று மோதும். நம் பக்கம் உழவு ஓட்ட வாடகை வண்டிக்குப் பஞ்சமே இல்லை. ஊர் வயலை வாடகை வண்டிக்கு விட்டுவிடுங்கள். வாங்குவதென்றால் மேட்டுக்கென்றே வாங்குங்கள்.

இப்போது அளவு. மாமா டெல்டாக்காரர், அதனால் 55 சொல்கிறார். இங்கே ஹெச்.பி. பாதி தேவை, பாதி கௌரவம், அதைப் பற்றிப் பேசினால் சண்டை வரும். ஆனால் மேட்டில் டிராக்டரின் அளவைத் தீர்மானிப்பது இன்ஜின் மட்டும் இல்லை. எடை, அகலம், பிரேக், அப்புறம் எத்தனை சக்கரம் இழுக்கிறது (நாலும் இழுத்தால் ஃபோர் வீல், பின்சக்கரம் மட்டும் இழுத்தால் டூ வீல்), இந்த நாலும்தான். எந்த ஷோரூமிலும் பேச்சை எடையில் தொடங்க மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஒரே ஹெச்.பி.யில் எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். குபோட்டா எல் 4508 என்ற வண்டி 45 ஹெச்.பி. ஃபோர் வீல், எடை 1,400 கிலோவுக்கும் குறைவு. அதே 45-இல் மற்ற வண்டிகள் பல கிட்டத்தட்ட 2 டன் வரும். இலகுவான வண்டி சேற்றில் புதையாது, நடவு வயலில் அதற்கு நிகர் இல்லை. அதையே சரளை மேட்டில் ஒன்பது கலப்பையை (ஒன்பது கொழு வைத்த ஒரே கருவி) மாட்டி ஏற்றிப் பாருங்கள், இன்ஜினில் தெம்பு இருக்கும், டயருக்குப் பிடி இருக்காது, உருளுகிற கூழாங்கல் மேல் சும்மா சுற்றும். நம் வயலில் சக்கரம் வழுக்குவது மண் இளகியிருப்பதால். அங்கே வழுக்குவது மண் கெட்டியாக இருந்து அதன் மேல் கல் உருளுவதால். இங்கே பழகிய கைக்கு அந்த வழுக்கல் புதிது.

ஏற்றம் எவ்வளவு தின்னும் என்பதையும் கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். பத்தடி போனால் ஓரடி உயர்கிற சாய்வு என்று வைத்துக்கொள்வோம். வண்டி 2 டன், டிரெய்லரில் எருவோடு சேர்த்து 3 டன், ஆக 5 டன். அந்தச் சாய்வில் இதைத் தூக்கி நகர்த்த மட்டும் சுமார் 500 கிலோ இழுவை கூடுதலாக வேண்டும், மண் உராய்வுக்கு வேண்டியது தனி. சமதளத்தில் மூணாவது கியரில் போன வண்டி அங்கே ஒன்றாவதில் முனகுவது இதனால்தான். அதற்காக ஹெச்.பி.யைக் கண்டபடி ஏற்றத் தேவையில்லை, கியரைக் குறைத்து மெதுவாகப் போனால் 40 ஹெச்.பி.யே இழுத்துவிடும். சாய்வில் வேகமாகப் போக வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

உங்கள் சாய்வு எவ்வளவு என்று கடிதத்தில் எழுதவில்லை, "நல்ல ஏற்றம்" என்று மட்டும் இருக்கிறது. சமவெளியில் பிறந்தவர்களுக்குக் கோயில் குளத்துப் படிக்கரைகூட ஏற்றம்தான். அளந்து பாருங்கள், ஒரு மணி நேர வேலை. நேரான பத்தடி மூங்கில் ஒன்று, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்று. மூங்கிலின் ஒரு முனையை மேட்டுப் பக்கம் தரையில் ஊன்றி, மறுமுனையைப் பள்ளத்துப் பக்கம் அந்தரத்தில் பிடித்து, ரசமட்டத்தில் குமிழி நடுவுக்கு வரும்வரை ஏற்றி இறக்குங்கள். இப்போது அந்த அந்தர முனைக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை டேப்பில் பாருங்கள். ஓரடி என்றால் பத்து சதவீதச் சாய்வு, இரண்டடி என்றால் இருபது. இடத்துக்கு இடம் மாறும், நாலைந்து இடத்தில் எடுங்கள்.

ஓரடிக்குள் இருந்தால் நிம்மதியாக உழலாம், சாய்வுக்குக் குறுக்காகவே உழலாம், மழைத் தண்ணீரையும் அது தடுத்து நிறுத்தும். ஒன்றரையைத் தாண்டினால் சிக்கல் ஆரம்பம். மண்ணைக் காப்பாற்ற வேண்டுமென்றால் குறுக்காக உழ வேண்டும், வண்டி கவிழாமல் இருக்க வேண்டுமென்றால் மேலும் கீழுமாக உழ வேண்டும். மேலும் கீழுமாக உழுத சால் ஐப்பசி மழையில் வாய்க்காலாகி மேல்மண்ணை வாரிக்கொண்டு போய்விடும். இரண்டடி வந்துவிட்டால் நான் உழவே வேண்டாம் என்பேன். அந்த மூணு ஏக்கரில் குழி எடுத்து மா வையுங்கள், கல்லை அடுக்கிக் கல்வரப்பு போடுங்கள், டிராக்டர் அங்கே ஒரு பாதையில் மட்டும் ஏறி இறங்கினால் போதும். ஆக, உழவுக்கான டிராக்டர் என்று நீங்கள் தேர்ந்தெடுக்கப் போவது எட்டு ஏக்கருக்கு இல்லை, அஞ்சு ஏக்கருக்கு.

ஃபோர் வீல் தேவையா? சரளையும் சாய்வும் சேர்ந்த இடத்தில் தேவை என்பது என் முடிவு. இழுவைக்காக மட்டும் சொல்லவில்லை. டூ வீல் வண்டியில் பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும்தான். இறக்கத்தில் வண்டியின் பாரம் முன்பக்கம் சாயும், பின்சக்கரம் லேசாகும், அப்போது பிரேக் மிதித்தால் சக்கரம் நிற்கும், வண்டி நிற்காது, பூட்டிய சக்கரத்தோடு கல் மேல் சறுக்கிக்கொண்டே போகும். ஃபோர் வீல் போட்டிருந்தால் பின் அச்சில் பிடிக்கிற பிரேக் முன்சக்கரத்தையும் பிடிக்கும். ஏறும்போது ஃபோர் வீல் போட்டுவிட்டு இறங்கும்போது டீசல் மிச்சம் என்று எடுத்துவிடுகிற டிரைவர்கள் உண்டு, அவர்களிடம் இதைத் திருப்பித் திருப்பிச் சொல்லுங்கள். டூ வீலைவிட ஒரு லட்சத்துக்கு மேல் விலை கூடும்தான். மேட்டுக்கு வண்டி வாங்குகிறவர் மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் அது. பிரேக்கும் ஆயிலில் முழுகிய பிரேக்காக இருக்கட்டும்.

மினி பற்றி. 24, 27 ஹெச்.பி. ஃபோர் வீல் மினி வண்டிகள் நல்ல வண்டிகள்தான், மா வளர்ந்தபின் வரிசைக்குள் புகுந்து வர அதுதான் தோது. ஆனால் எடை ஒரு டன்னுக்குப் பக்கம்தான், பின்னால் தூக்குகிற சக்தி பலவற்றில் 750 கிலோ அளவு. சரளையில் ஒன்பது கலப்பை இழுக்காது, எரு ஏற்றிய பெரிய டிரெய்லரோடு இறக்கத்தில் வந்தால் டிரெய்லர்தான் வண்டியை ஓட்டும். அஞ்சு ஏக்கர் மக்காச்சோளம் என்ற எண்ணம் உறுதி என்றால் மினி பத்தாது. பிறகு முழுக்க மாந்தோப்பு என்று மாறினால் நண்பன் சொன்னது சரியாகிவிடும்.

ஆக, 40-லிருந்து 45 ஹெச்.பி.க்குள், ஃபோர் வீல், எடை 2 டன்னை ஒட்டி. 55 வாங்கினால் வண்டி பெரிது, திருப்ப இடம் வேண்டும், கல்வரப்புக்கு நடுவில் முட்டிக்கொள்ளும், அந்தக் கூடுதல் சக்தியை வாங்கிக்கொள்ள உங்களிடம் கருவியும் இல்லை. விளம்பரத்தில் போடுவது இன்ஜின் ஹெச்.பி. பின்னால் பி.டி.ஓ. தண்டில், அதாவது கருவிகளைச் சுழற்றுகிற தண்டில், கிடைப்பது அதைவிடக் குறைவு, பொதுவாக 100-க்கு 85, 90 என்று வரும். மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசின் பரிசோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது, அதில் பி.டி.ஓ. சக்தி, இழுவை, தூக்கும் எடை எல்லாம் அளந்து போட்டிருப்பார்கள். நீங்கள் பார்க்கிற மாடலின் அறிக்கையை ஷோரூமில் கேளுங்கள். இல்லை என்று சொன்னால் அடுத்த ஷோரூமில் கேளுங்கள்.

இன்னும் ஒன்று, இதைச் சொன்னால் கோபிக்கக் கூடாது. வாங்கத்தான் வேண்டுமா? ஒன்பது கலப்பையால் ஏக்கருக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தால் அஞ்சு ஏக்கரை இரண்டு முறை உழப் பத்து மணி நேரம். விதைப்பு, எரு, தண்ணீர் டேங்க், அறுவடை ஏற்றுவது என்று தாராளமாகச் சேர்த்தாலும் வருஷத்துக்கு நூறு மணி நேரத்தைத் தொடுவது கஷ்டம். வேளாண் பொறியியல் துறையே மணிக்கணக்கில் டிராக்டர், புல்டோசர், மண் அள்ளும் இயந்திரம் எல்லாம் வாடகைக்குத் தருகிறது, உழவன் செயலி வழியாகப் பதியலாம். அக்கம்பக்கத்தில் நீங்களும் வாடகைக்கு ஓட்டப் போகிறீர்கள் என்றால் சரி, வாங்குங்கள். இல்லையென்றால் ஒரு வருஷம் வாடகை வண்டியில் ஓட்டிப் பார்த்து, எந்த வேலைக்கு எது திணறுகிறது என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பாறைகளை மட்டும் டிராக்டரில் கட்டி இழுக்காதீர்கள். அது பொக்லைன் வேலை, ஒரு தடவை வாடகைக்கு வைத்து முடித்துவிடுவது. பெயர்த்த கல்லை உங்கள் நிலத்துக்குள்ளேயே வரப்புக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வெளியே விற்கக் கொண்டுபோவதென்றால் கனிமவளத் துறை அனுமதி வேண்டும், இல்லாமல் ஏற்றினால் லாரியும் மாட்டும், நீங்களும் மாட்டுவீர்கள். அடிவார நிலம் என்பதால் வன எல்லைக் கல்லையும் சர்வேயரை வைத்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கேள்வி (அம்மாபேட்டை வாசகர்): கல்லை டிராக்டரில் சங்கிலி போட்டு இழுத்தால் என்ன ஆகிவிடும்? எங்கள் ஊரில் பனைமரத்து வேரையே அப்படித்தான் பிடுங்குகிறார்கள்.

பதில்: பனை வேர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். பாறை விட்டுக்கொடுக்காது. சங்கிலியை எங்கே மாட்டுகிறீர்கள் என்பதில்தான் உயிர் இருக்கிறது. கருவியின் மேல்நுனியைப் பிடிக்கிற டாப் லிங்க் மாட்டும் இடத்திலோ, தூக்கிய லிஃப்ட் கையிலோ மாட்டினால், இழுக்கிற புள்ளி பின் அச்சைவிட உயரத்தில் இருக்கும். கல் அசையாது, சக்கரம் சுற்ற முடியாது, இன்ஜின் விடாது. அப்போது சக்கரம் வண்டியைத் தள்ளுவதற்குப் பதில் வண்டியே அச்சைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் தூக்கிப் பின்பக்கமாகப் புரளும். திரும்பி வர முடியாத நிலைக்குப் போக ஒரு நொடிகூட ஆகாது, கிளட்ச் மிதிக்க நினைப்பதற்குள் முடிந்துவிடும். ஏற்றத்தைப் பார்த்து நிற்கும் வண்டி என்றால் பாதி வேலையைச் சாய்வே செய்து வைத்திருக்கும்.

எதை இழுத்தாலும் கீழே டிராபாரில், அதாவது டிரெய்லர் மாட்டுகிற கம்பியில் மட்டும் மாட்டுங்கள். வண்டி வாங்கும்போது தலைக்கு மேல் வளைந்து நிற்கும் ரோல் பார் உள்ள மாடலாகவும், சீட் பெல்ட்டோடும் வாங்குங்கள். ரோல் பார் இருக்கிறதென்றால் பெல்ட் போட்டே ஆக வேண்டும், போடாவிட்டால் தூக்கி எறியப்பட்டு அந்தக் கம்பிக்கு அடியிலேயே மாட்ட வாய்ப்புண்டு. தகரக் கூரை, பூ, ரிப்பன், ஸ்பீக்கர் எல்லாம் அதற்கு ஈடாகாது.

கேள்வி (ஒரத்தநாடு வாசகர்): கந்தர்வகோட்டை பக்கம் செம்மண் சரளையில் ரோட்டவேட்டர் ஓட்டுகிறேன். வாரத்துக்கு ஒரு தடவை கத்தி உடைகிறது. வண்டி 42 ஹெச்.பி., ரோட்டவேட்டர் ஆறடி. கம்பெனிக் கத்தி போட்டும் இதே கதை.

பதில்: கத்தியைக் குற்றம் சொல்லாதீர்கள். ரோட்டவேட்டர் மெத்தென்ற மண்ணுக்கான கருவி, அது மண்ணை வெட்டிச் சுழற்றுகிறது. கல் சிக்கினால் நழுவிப் போக வழி இல்லை, அடி முழுக்கக் கத்திக்கும், அதைத் தாண்டி கியர் பாக்ஸுக்கும் போகும். உடைகிறது கத்தி என்றால் சந்தோஷப்படுங்கள், அடுத்தது பி.டி.ஓ. தண்டு. அந்தத் தண்டில் ஷியர் போல்ட் இருக்கிறதா, யாராவது அதைக் கழற்றிவிட்டு இரும்புக் கடை உருக்கு போல்ட்டைப் போட்டிருக்கிறார்களா என்று இன்றைக்கே பாருங்கள். அது உடைவதற்காகவே செய்த போல்ட். உடையாத போல்ட் போட்டால் உடைய வேண்டியது வேறெங்கோ உடையும்.

உங்கள் மண்ணுக்கு ஸ்பிரிங் வைத்த ஒன்பது கலப்பைதான் சரி. கொழு கல்லில் முட்டியதும் ஸ்பிரிங் இழுபட்டுப் பின்னால் மடங்கி, கல்லைத் தாண்டியதும் பழைய இடத்துக்கு வந்துவிடும். ஸ்பிரிங் இல்லாத கலப்பையை இரவல் வாங்கி ஓட்டாதீர்கள். அடியில் இறுகியிருந்தால் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை உளிக் கலப்பை. அதுவும் மண் காய்ந்திருக்கும்போதுதான் அடித்தட்டை உடைக்கும், ஈரத்தில் ஓட்டினால் கோடு மட்டும் விழும். ரோட்டவேட்டர் வேண்டும் என்று மனசு கேட்டால் கல் பொறுக்கிய பாத்தியில் மட்டும், அதுவும் அஞ்சடி. 42 ஹெச்.பி.க்கு ஆறடி எப்படியும் கொஞ்சம் அதிகம்.

கேள்வி (வல்லம் வாசகி): வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். வீட்டில் பழைய 35 ஹெச்.பி. டூ வீல் டிராக்டர் சும்மா நிற்கிறது. முந்திரிக் கொல்லை நாலு ஏக்கர், ஒரு பக்கம் சரிவு, செம்புராங்கல் அங்கங்கே தலை நீட்டும். ஆள் வைத்து ஓட்டலாமா, விற்றுவிட்டுப் புதுசு வாங்கலாமா? டயரில் தண்ணீர் நிரப்பச் சொல்கிறார்கள், அது என்ன?

பதில்: விற்காதீர்கள் அம்மா. நாலு ஏக்கர் முந்திரிக்கு அந்த வண்டி தாராளம். வல்லத்து மேடு நம் ஆட்களுக்கு மேடு, டிராக்டருக்கு அப்படியொன்றும் பெரிய மேடு இல்லை. முந்திரிக் கிளை தாழ்ந்து வரும், பெரிய வண்டி வாங்கினால் கிளைதான் முதலில் பலியாகும். மரத்தடியில் ஆழ உழவும் கூடாது, முந்திரியின் பக்க வேர் மேலாகப் பரவும். கிளைக்கு வெளியே மேலோட்டமாகக் களை எடுக்கிற உழவு மட்டும் போதும்.

தண்ணீர் விஷயம் உண்மைதான். பின்டயர் டியூபில் தண்ணீர் ஏற்றினால் எடை கூடும், அதுவும் தரையை ஒட்டிக் கூடும், அதனால் வண்டியின் பாரம் தாழ்ந்து சரிவில் நிதானமாக நிற்கும். இரும்பு எடைக்கல் வாங்குகிற காசும் மிச்சம். செய்கிற விதம் இதுதான்: பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைத் திருப்பி வால்வு உச்சிக்கு, அதாவது கடிகாரத்தில் 12 இருக்கும் இடத்துக்கு வரும்படி நிறுத்த வேண்டும். வால்வின் உள்முள்ளைக் கழற்றிவிட்டு, தண்ணீரும் விடுகிற, உள்ளே இருக்கும் காற்றும் வெளியேறுகிற அடாப்டரை மாட்டி ஹோஸில் தண்ணீர் விட வேண்டும். தண்ணீர் வால்வு மட்டத்துக்கு வந்ததும் அடாப்டரிலிருந்து தண்ணீர் தெறிக்கும், நிறுத்திவிட வேண்டும், அதுதான் முக்கால் பங்கு. மீதிக் கால் பங்குக்குக் காற்று. முழுக்கத் தண்ணீர் நிரப்பினால் டயருக்குக் குலுக்கல் தாங்கும் தன்மையே போய்விடும். இதற்கெல்லாம் டயர்க் கடைக்காரர்தான் சரியான ஆள். அப்புறம் டயர் பஞ்சர் ஆனால் வழக்கமாக வருகிற ஆள் முகம் சுளிப்பார், கொஞ்சம் கூடக் கொடுங்கள்.

காற்று விஷயத்தில் நம் பக்கத்துப் பழக்கம் ஒன்று உண்டு, வயலில் இறங்கும் முன் பின்டயர் காற்றைக் குறைப்பது. சேற்றுக்கு அது சரி. கல்லுக் கொல்லையில் காற்றைக் குறைத்தால் டயரின் பக்கவாட்டுத் தோல் பிதுங்கி நிற்கும், செம்புராங்கல் முனை அங்கேதான் கிழிக்கும். பக்கவாட்டுக் கிழிசலுக்குச் சரியான ஒட்டு கிடையாது, டயரே போகும். கையேட்டில் உள்ள அளவில் காற்று இருக்கட்டும்.

ஆள் வைக்கும்போது ஒன்றே ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். டிராக்டரில் பிரேக் பெடல் இரண்டு, இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. வயலில் சுருக்கமாகத் திருப்ப ஒன்றை மட்டும் மிதிப்பார்கள். இரண்டையும் இணைக்க ஒரு சிறிய தாழ்ப்பாள் இருக்கும், நம் ஊர் வண்டிகள் பலவற்றில் அது துருப்பிடித்து, சேறு அப்பி, இருக்கும் இடமே தெரியாது. சரிவிலும் ரோட்டிலும் அந்தத் தாழ்ப்பாள் போட்டே ஓட்ட வேண்டும், இல்லையென்றால் அவசரத்துக்கு ஒரு பெடல் மட்டும் மிதிபட்டு வண்டி சட்டென்று ஒரு பக்கம் திரும்பிக் கவிழும். வருகிற டிரைவர் வண்டியில் ஏறியதும் குனிந்து அந்தத் தாழ்ப்பாளைத் தேடுகிறாரா என்று பாருங்கள். தேடினால் சம்பளம் பேசுங்கள்.

கேள்வி (அதே வாசகி): சரிவில் இறங்கும்போது நியூட்ரல் போட்டால் டீசல் மிச்சம் என்று முன்பு ஓட்டியவர் சொன்னார்.

பதில்: அவர் "முன்பு ஓட்டியவர்" ஆனது நல்லது. எந்த கியரில் ஏறுமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும், அந்த கியரையும் சரிவு தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும், நடுவில் கிளட்ச் மிதித்தால் வண்டி கையை விட்டுப் போய்விடும். டிரெய்லரில் பாரம் இருந்தால் இன்னும் ஒரு கியர் குறைவு. டிரெய்லர்களில் பெரும்பாலும் தனி பிரேக் இருப்பதில்லை, அதன் பாரம் முழுவதும் வண்டியின் முதுகில்.

கேள்வி (திருத்துறைப்பூண்டி வாசகர்): மேட்டுக் கதை எல்லாம் எங்களுக்கு எதற்கு? இரண்டு வேலி, களிமண், சம்பா, தாளடி. 55 ஃபோர் வீல் வாங்கலாமா?

பதில்: சொந்த வயல் மட்டும் என்றால் வேண்டாம். உங்கள் களியில் எடைதான் எதிரி. வண்டி கனக்கக் கனக்க அடிமண் உடைந்து வருஷத்துக்கு வருஷம் ஆழப் புதையும், அப்புறம் அறுவடை இயந்திரமும் அதே குழியில் உட்காரும். 45-க்குள் இலகுவான ஃபோர் வீல், கேஜ் வீல் (சேற்றில் புதையாமலிருக்க மாட்டுகிற இரும்புச் சக்கரம்), அஞ்சடி ரோட்டவேட்டர். பதிமூணு ஏக்கருக்கு இது போதும். ஊர் முழுக்க வாடகைக்கு ஓட்டப் போகிறீர்கள், ரோட்டில் நெல் மூட்டை ஏற்றப் போகிறீர்கள் என்றால் 50-க்கு மேல் யோசிக்கலாம்.

கேள்வி (மன்னார்குடி வாசகர், இளைஞர்): பழைய ஃபோர் வீல் ஒன்று விலைக்கு வருகிறது. மேட்டு வேலை செய்த வண்டி. எதைப் பார்த்து வாங்குவது? மானியம் கிடைக்குமா?

பதில்: தம்பி, பெயின்டைப் பார்க்காதீர்கள், முன் அச்சைப் பாருங்கள். ஃபோர் வீல் போட்டு ஒரு எட்டு போடச் சொல்லுங்கள், திருப்பும்போது முன்பக்கம் கடகடவென்று சத்தம் வந்தால் உள்ளே பல் தேய்ந்திருக்கிறது, செலவு பெரிது. முன்சக்கர மையத்தில் ஆயில் கசிந்து தூசி அப்பியிருக்கிறதா பாருங்கள். கல்லில் ஓடிய வண்டி என்பதால் முன் அச்சுக்கு அடியில் குனிந்து இடி பட்ட தழும்பு, வெல்டிங் செய்த தடம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள், கண்ணுக்கு கிரீஸ் மறைத்துவிடும். நாலு டயரும் ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். பின்டயர் புதுசு, முன்டயர் மொட்டை என்றால் முன்னும் பின்னும் வேகம் ஒத்துவராமல் கியரை அரைத்துக்கொண்டே ஓடியிருக்கும். லிஃப்டில் கலப்பையைத் தூக்கி இன்ஜினை நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், அதற்குள் கலப்பை தரைக்கு வந்திருந்தால் ஹைட்ராலிக்குக்குத் தனியாகப் பணம் ஒதுக்கிப் பேரம் பேசுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் கடன் அடமானம் நீக்கப்பட்டிருக்கிறதா என்பது எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது.

பழைய வண்டிக்கு மானியம் கிடையாது. புது வண்டிக்கு, வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதம் வரை, மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரை, அதற்கும் உச்சவரம்புத் தொகை உண்டு. அந்த வரம்பும் ஒதுக்கீடும் வருஷா வருஷம் மாறும். சிறு விவசாயி என்றால் 5 ஏக்கருக்குள், அதற்கான சான்றிதழைத் தாசில்தார் அலுவலகத்தில் முதலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை வாங்கிவிட்டு ரசீதோடு போய் நின்றால் வேலைக்கு ஆகாது, முதலில் விண்ணப்பம், அனுமதி, அப்புறம்தான் வண்டி. உங்கள் கோட்டத்து வேளாண் பொறியியல் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். சிட்டா, அடங்கல், ஆதார் நகலோடு போனால் இரண்டாவது நடை மிச்சம்.